எஃப். டபிள்யூ. முர்னாவ்

பிரீட்ரிக் வில்ஹெல்ம் முர்னாவ் (டிசம்பர் 28, 1888 – மார்ச் 11, 1931) புகழ்பெற்ற ஜெர்மானியத் திரைப்பட இயக்குனர் ஆவார். இவரது இயற்பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் புளும்பெ. பேசாப்படக் காலத்தின் தலைசிறந்த இயக்குனர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். 1922 ஆம் ஆண்டில் இவர் இயக்கிய 'நோஸ்ஃபெராட்டு' இரத்தக்காட்டேரிக் கதைகளைக் கொண்ட திரைப்படங்களுக்கு முன்னோடியாக அமைந்தது. 'கடைசி மனிதன்' (1924), 'ஃபௌஸ்ட்' (1926), 'சூரிய உதயம்' (1927), 'தாபு' (1931) ஆகியன இவரது பிற முக்கியமான படங்களாகும்.

முர்னாவ் இயக்கிய 21 படங்களுள் 8 படங்கள் முற்றாகத் தொலைந்துவிட்டன. இவருக்கு அழியாப் புகழைத் தந்த நோஸ்ஃபெராட்டு படத்தின் பிரதிகள் அனைத்தையும் அழிக்குமாறு 1925 இல் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆணைக்குத் தப்பிய சில பிரதிகளின் வாயிலாகவே அப்படம் பிற்காலத்தவருக்குக் கிடைத்தது.

இளமைக் காலம்

முர்னாவ் அன்றைய பிரஷ்ய அரசின் வெஸ்ட்ஃபாலியா மாகாணத்தில் உள்ள பீலெஃபெல்ட் நகரில் பிறந்தார். தந்தை ஹைன்ரிக் புளும்பெ துணி ஆலை ஒன்றின் உரிமையாளர். முர்னாவ் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் காசெல் நகருக்குக் குடிபெயர்ந்தது. இளம் வயதிலேயே நூல்களைப் படிப்பதிலும் வீட்டில் சிறு நாடகங்களை நடத்துவதிலும் இவர் ஆர்வம் கொண்டிருந்தார்.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் மொழியியலும், பின்னர் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறும் இலக்கியமும் பயின்றார். ஹைடெல்பெர்க்கில் மாணவர்கள் நடத்திய நாடகம் ஒன்றில் இவர் நடித்ததைக் கண்ட புகழ்பெற்ற நாடக இயக்குனர் மாக்ஸ் ரைன்ஹார்ட், இவரைத் தமது நடிப்புப் பள்ளியில் சேருமாறு அழைத்தார். ரைன்ஹார்ட்டின் குழுவில் நடிகராகவும் உதவி இயக்குனராகவும் பணியாற்றியபோது மேடை ஒளியமைப்பின் நுட்பங்களை இவர் கற்றுக்கொண்டார். இக்காலத்தில் பவேரியாவில் ஏரிக்கரையில் அமைந்துள்ள முர்னாவ் என்ற சிற்றூரின் பெயரைத் தமது புனைபெயராகச் சூட்டிக்கொண்டார்.

முதல் உலகப் போர்

கவிஞரான ஹான்ஸ் எரென்பௌம்-டெகெலெ மாணவப் பருவம் முதல் முர்னாவின் மிக நெருங்கிய தோழராக இருந்தார். முர்னாவ் தன்பாலீர்ப்பு உடையவர். ஆண்களுக்கிடையிலான உறவை அன்றைய ஜெர்மானியத் தண்டனைச் சட்டத்தின் 175 ஆம் பிரிவு குற்றமாக வரையறுத்திருந்தது. எரென்பௌம்-டெகெலெ 1915 இல் கிழக்குப் போர்முனையில் கொல்லப்பட்டார். போருக்குப் பின் அவரது தாயார் பெர்லினின் குரூனெவால்ட் பகுதியில் இருந்த தமது இல்லத்தில் முர்னாவுக்கு இடமளித்தார்.

முர்னாவ் முதலில் காலாட்படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். பின்னர் வான்படையில் சேர்ந்து பல விமான விபத்துகளில் உயிர் தப்பினார். 1917 இல் இவரது விமானம் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் தரையிறங்கியது. போர் முடியும் வரை இவர் அங்கேயே தடுத்து வைக்கப்பட்டார். அக்காலத்தில் நாடகப் பணிகளில் ஈடுபட்டதுடன் திரைக்கதை எழுதவும் முற்பட்டார்.

தொடக்ககாலப் படங்கள்

1919 இல் பெர்லினுக்குத் திரும்பிய முர்னாவ், நடிகர் கான்ராட் ஃபைட்டுடன் இணைந்து திரைப்பட நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். இவரது முதல் படமான 'நீல உடைச் சிறுவன்' அதே ஆண்டில் உருவானது. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தின் தாக்கத்தால் எடுக்கப்பட்ட இப்படம் தற்போது இல்லை.

1920 இல் வெளிவந்த 'யானுஸ் தலை', ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் ஜெக்கில், ஹைடு கதையைத் தழுவியது. கான்ராட் ஃபைட் முதன்மை வேடத்தில் நடித்த இதில், பிற்காலத்தில் ஹாலிவுட்டில் டிராகுலாவாகப் புகழ்பெற்ற பெலா லுகோசி சிறு வேடம் ஒன்றில் தோன்றினார். இப்படமும் தொலைந்துவிட்டது. அதே ஆண்டில் எடுக்கப்பட்ட 'இரவுக்குள் ஒரு பயணம்' இவரது எஞ்சியுள்ள படங்களுள் மிகப் பழையதாகும்.

நோஸ்ஃபெராட்டு

என்ரிக்கோ டீக்மான், அல்பின் கிராவ் ஆகிய இருவரும் 1921 இல் பிராணா-ஃபில்ம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். உயிர்மூச்சைக் குறிக்கும் பிராணன் என்ற இந்தியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. மறைபொருள் நம்பிக்கைகளில் ஈடுபாடு கொண்டிருந்த கிராவ், படத்தின் அரங்கங்களையும் ஆடைகளையும் வடிவமைத்தார். இந்நிறுவனம் எடுத்து முடித்த ஒரே படம் நோஸ்ஃபெராட்டு ஆகும்.

ஹென்ரிக் காலீன் எழுதிய திரைக்கதை, பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா (1897) புதினத்தைத் தழுவியது. புதினத்தைப் படமாக்கும் உரிமையை நிறுவனம் பெற்றிருக்கவில்லை. அதனால் பெயர்கள் மாற்றப்பட்டன. டிராகுலா பிரபு ஓர்லோக் பிரபு ஆனார். இலண்டன் நகரம் விஸ்போர்க் என்ற கற்பனையான ஜெர்மானிய நகரம் ஆனது. ஆயினும் ஸ்டோக்கரின் புதினமே கதைக்கு மூலம் என்பது படத்தின் தலைப்பு அட்டையிலேயே குறிப்பிடப்பட்டிருந்தது. இதுவே பின்னர் நிறுவனத்துக்கு எதிரான சான்றானது.

ஓர்லோக்காக மாக்ஸ் ஷ்ரெக், எல்லென் என்ற பெண்ணாக கிரெட்டா ஷ்ரோடர், அவளது கணவன் ஹுட்டராக குஸ்தாவ் ஃபொன் வாங்கென்ஹைம் ஆகியோர் நடித்தனர். ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னர் ஒளிப்பதிவு செய்தார். அக்கால ஜெர்மானிய வெளிப்பாட்டியப் படங்கள் பெரும்பாலும் அரங்குகளுக்குள் தீட்டப்பட்ட திரைகளுக்கு முன்னால் எடுக்கப்பட்டன. முர்னாவோ இயற்கையான இடங்களைத் தேர்ந்தார். வடஜெர்மானியத் துறைமுக நகரங்களான விஸ்மார், லூபெக் ஆகியவற்றின் தெருக்களும் கிட்டங்கிகளும், இன்றைய சுலோவாக்கியாவில் உள்ள ஓராவா கோட்டையும் படத்தில் இடம்பெற்றன. பார்வையாளர் அறிந்த உண்மையான உலகுக்குள் அச்சம் நுழைவதாகக் காட்டியதே இப்படத்தின் தனித்தன்மையாகும்.

ஓர்லோக்கின் வண்டி விரைந்து செல்லும் காட்சி, இடைவெளி விட்டு ஒவ்வொரு சட்டகமாகப் படம்பிடிக்கப்பட்டது. காட்டுவழிக் காட்சியில் நெகட்டிவ் படச்சுருள் அப்படியே காட்டப்பட்டதால் மரங்கள் வெண்மையாகவும் வானம் கருமையாகவும் தோன்றின. படிகளில் ஏறிச் செல்லும் ஓர்லோக்கின் நிழல் திரைப்பட வரலாற்றில் மிகுதியாகப் பின்பற்றப்பட்ட காட்சிகளுள் ஒன்று. ஸ்டோக்கரின் புதினத்தில் டிராகுலா பகலிலும் நடமாடக்கூடியவர். சூரிய ஒளி பட்டால் இரத்தக்காட்டேரி அழிந்துவிடும் என்ற கருத்து இப்படத்திலிருந்தே பிற படங்களுக்கும் கதைகளுக்கும் பரவியது.

படம் மார்ச் 4, 1922 அன்று பெர்லின் விலங்கியல் பூங்காவின் பளிங்கு மண்டபத்தில் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. ஹான்ஸ் எர்ட்மான் அமைத்த இசையை இசைக்குழுவினர் நேரில் வாசித்தனர். விளம்பரத்துக்குப் பெரும் பொருள் செலவிட்ட பிராணா-ஃபில்ம் விரைவிலேயே நொடித்துப்போனது.

வழக்கும் தீர்ப்பும்

பிராம் ஸ்டோக்கர் 1912 இல் காலமானார். அவரது மனைவி புளோரன்ஸ் ஸ்டோக்கருக்கு டிராகுலா புதினத்தின் உரிமை முக்கியமான வருவாயாக இருந்தது. தமது ஒப்புதலின்றிப் படம் எடுக்கப்பட்டதை அறிந்த அவர், பிரித்தானிய எழுத்தாளர் சங்கத்தின் துணையுடன் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் நொடித்துவிட்டதால் இழப்பீடு பெற வழியில்லாமல் போயிற்று. ஆகவே படத்தையே அழிக்க வேண்டும் என அவர் வலியுறுத்தினார். 1925 இல் பெர்லின் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, எல்லாப் பிரதிகளையும் அழிக்குமாறு ஆணையிட்டது.

சட்டப்படி புளோரன்ஸ் ஸ்டோக்கரின் கோரிக்கை நியாயமானதே. கணவரின் நூல் உரிமை பெறாமலேயே பயன்படுத்தப்பட்டிருந்தது. எனினும் தீர்ப்புக்கு முன்பே படத்தின் பிரதிகள் வெளிநாடுகளுக்குச் சென்றுவிட்டன. இலண்டனில் திரைப்படக் கழகம் இப்படத்தைத் திரையிட முயன்றபோதும் அவர் அதை எதிர்த்தார். பிரான்சில் எஞ்சிய பிரதிகளைக் கண்ட ஆந்த்ரே பிரெத்தோன் முதலான அடிமனவெளிப்பாட்டியக் கலைஞர்கள் படத்தைப் பெரிதும் போற்றினர். 1930 இல் முர்னாவின் பெயரின்றி, காட்சிகள் மாற்றப்பட்டு ஒலி சேர்க்கப்பட்ட வடிவம் ஒன்று 'பன்னிரண்டாம் மணி' என்ற பெயரில் ஜெர்மனியில் வெளியானது.

உஃபா காலம்

1924 இல் உஃபா நிறுவனத்துக்காக முர்னாவ் இயக்கிய 'கடைசி மனிதன்' இவரை உலகின் முன்னணி இயக்குனர்களுள் ஒருவராக்கியது. பெரிய விடுதி ஒன்றின் வாயிற்காவலர் முதுமை காரணமாகக் கழிப்பறைப் பணிக்கு மாற்றப்படுகிறார். பகட்டான சீருடையை இழந்ததும் குடும்பத்தாரிடமும் அண்டை வீட்டாரிடமும் அவர் மதிப்பிழப்பதே கதை. எமில் ஜானிங்ஸ் முதன்மை வேடத்தில் நடித்தார். பேசாப்படங்களில் உரையாடலைத் தெரிவிக்க எழுத்து அட்டைகள் இடையிடையே காட்டப்படுவது வழக்கம். இப்படம் அவற்றை ஏறத்தாழ முழுவதுமாகத் தவிர்த்துக் காட்சிகளாலேயே கதையைச் சொன்னது.

கார்ல் மாயரின் திரைக்கதைக்கு ஒளிப்பதிவு செய்த கார்ல் பிராய்ண்ட், ஒளிப்படக்கருவியைத் தமது மார்பில் கட்டிக்கொண்டும் மிதிவண்டியில் ஏறிச் சென்றும் படம்பிடித்தார். முக்காலியில் அசையாது நின்ற கருவி கதைமாந்தரைப் பின்தொடரவும் அவர்களது பார்வையில் உலகைக் காணவும் தொடங்கியது. இம்முறை கட்டவிழ்க்கப்பட்ட ஒளிப்படக்கருவி எனப் பெயர் பெற்றது. அப்போது ஜெர்மனியில் பணியாற்றிக்கொண்டிருந்த இளம் ஆல்பிரட் ஹிட்ச்காக், முர்னாவின் படப்பிடிப்பைக் கண்டு தாம் கற்றுக்கொண்டதைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

தொடர்ந்து மோலியரின் நாடகத்தைத் தழுவிய 'தார்த்தூஃப்', கெத்தேயின் படைப்பையும் பழங்கதைகளையும் தழுவிய 'ஃபௌஸ்ட்' ஆகிய படங்களை இயக்கினார். ஃபௌஸ்ட் படத்தில் சாத்தானின் கரிய போர்வை நகர் முழுவதையும் மூடும் காட்சி சிறு உருவ மாதிரிகளைக் கொண்டு எடுக்கப்பட்டது.

ஹாலிவுட்

அமெரிக்கத் தயாரிப்பாளர் வில்லியம் ஃபாக்சின் அழைப்பை ஏற்று முர்னாவ் 1926 இல் ஹாலிவுட் சென்றார். அங்கு இவர் இயக்கிய முதல் படம் 'சூரிய உதயம்' (1927). நகரத்துப் பெண்ணொருத்தியின் தூண்டுதலால் மனைவியைக் கொல்ல எண்ணும் உழவன் மனம் திருந்துவதே கதை. ஜேனட் கெய்னரும் ஜார்ஜ் ஓப்ரையனும் நடித்தனர். படத்துக்காக மாபெரும் நகர அரங்கு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் கட்டிடங்கள் தொலைவில் செல்லச் செல்லச் சிறியனவாகக் கட்டப்பட்டு மிகுந்த ஆழத் தோற்றம் உண்டாக்கப்பட்டது.

1929 இல் நடைபெற்ற முதலாவது அகாதமி விருது விழாவில், தனித்துவமான கலைப்படைப்புக்கான விருதை இப்படம் பெற்றது. இப்பிரிவில் விருது வழங்கப்பட்டது அந்த ஒருமுறை மட்டுமே. ஒளிப்பதிவாளர்கள் சார்ல்ஸ் ரோஷர், கார்ல் ஸ்ட்ரஸ் ஆகியோரும் விருது பெற்றனர். இப்படம் உட்பட மூன்று படங்களில் நடித்தமைக்காக ஜேனட் கெய்னருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. ஆயினும் செலவுக்கு ஏற்ற வசூல் கிட்டவில்லை. 1927 இல் வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' படத்தின் வெற்றியைத் தொடர்ந்து திரையுலகம் பேசும் படங்களை நோக்கித் திரும்பியது.

அடுத்து வந்த '4 பேய்கள்' (1928) படத்தின் பிரதி எதுவும் கிடைக்கவில்லை. 'நகரப் பெண்' (1930) படத்தில் நிறுவனம் உரையாடல் காட்சிகளைச் சேர்க்க முற்பட்டதால் முர்னாவ் ஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து விலகினார். இன்று அப்படத்தின் பேசா வடிவமே எஞ்சியுள்ளது.

தாபு

முர்னாவ் ஆவணப்பட இயக்குனர் ராபர்ட் பிளாஹர்ட்டியுடன் இணைந்து பசிபிக் பெருங்கடலின் தாகித்தி, போரா போரா தீவுகளில் 'தாபு' படத்தைத் தொடங்கினார். கருத்து வேறுபாடு காரணமாக பிளாஹர்ட்டி விலகிக்கொள்ள, முர்னாவே படத்தை முடித்தார். தீவு மக்களே பெரும்பாலும் நடித்த இப்படம், விலக்கப்பட்ட காதலால் துரத்தப்படும் இளம் இணையரைப் பற்றியது. இதற்காக ஃபிளாய்ட் கிராஸ்பி சிறந்த ஒளிப்பதிவுக்கான அகாதமி விருதைப் பெற்றார்.

மறைவு

தாபு வெளியாவதற்கு ஒரு வாரம் இருந்த நிலையில், மார்ச் 10, 1931 அன்று கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே கடற்கரைச் சாலையில் முர்னாவ் சென்ற மகிழுந்து விபத்துக்குள்ளானது. தலையில் பலத்த காயமடைந்த இவர் மறுநாள் மருத்துவமனையில் காலமானார். அப்போது இவருக்கு வயது 42. உடல் ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டு பெர்லினுக்கு அருகில் உள்ள ஸ்டான்ஸ்டோர்ஃப் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. இயக்குனர் ஃபிரிட்ஸ் லாங் இரங்கலுரை ஆற்றினார். 2015 ஜூலையில் இவரது கல்லறை உடைக்கப்பட்டு மண்டையோடு திருடப்பட்டது.

படங்களின் மீட்பும் திரையிடலும்

பேசாப்படக் காலத்தில் படச்சுருள்கள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனவை. இவை எளிதில் தீப்பற்றக்கூடியன. காலப்போக்கில் தாமாகவே சிதையக்கூடியன. பேசும்படம் வந்தபின் பழைய படங்களுக்கு வணிக மதிப்பு இல்லாமற்போனதால் பல பிரதிகள் கைவிடப்பட்டன. சூரிய உதயம் படத்தின் மூல நெகட்டிவ் 1937 இல் ஃபாக்ஸ் நிறுவனக் கிடங்கில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. பின்னர் எஞ்சிய பிரதியிலிருந்து புதிய நெகட்டிவ் உருவாக்கப்பட்டது.

நோஸ்ஃபெராட்டு பல்லாண்டுகளாகக் கறுப்பு வெள்ளைப் பிரதிகளாகவே அறியப்பட்டது. ஆனால் 1922 இல் அது நிறச்சாயம் ஊட்டப்பட்ட படமாகவே காட்டப்பட்டது. அக்காலப் படச்சுருள்களால் இருளில் காட்சிகளைப் பதிவு செய்ய இயலாது. எனவே இரவுக் காட்சிகள் பகலில் படம்பிடிக்கப்பட்டன. பின்னர் பிரதியின் அப்பகுதிகள் நீலச் சாயத்தில் தோய்க்கப்பட்டன. விளக்கொளியும் பகல் வெளிச்சமும் மஞ்சளாகவும் விடியல் இளஞ்சிவப்பாகவும் காட்டப்பட்டன. கறுப்பு வெள்ளைப் படிகளில் இந்நிறங்கள் மறைந்துவிட்டதால், ஒளியைக் கண்டு அஞ்சும் ஓர்லோக் நண்பகலில் தெருவில் நடமாடுவதாகத் தோன்றியது. இரவு பகல் வேறுபாட்டின் மீதே கட்டப்பட்ட கதை இதனால் பொருளிழந்தது.

1980களில் மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தைச் சேர்ந்த என்னோ பட்டலாஸ் நிறங்களுடன் கூடிய படத்தை மீட்டெடுக்கும் பணியில் ஈடுபட்டார். பாரிசில் உள்ள பிரெஞ்சுத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த, சாயமூட்டப்பட்ட 1922 ஆம் ஆண்டுப் பிரதி இப்பணிகளுக்கு அடிப்படையாக அமைந்தது. 1966 இல் நிறுவப்பட்ட முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியாத்துவா மேற்கொண்ட மீட்டுருவாக்கம் 2006 இல் நிறைவடைந்தது. எர்ட்மானின் இசையில் பெரும்பகுதி தொலைந்துவிட்டதால், எஞ்சிய பகுதிகளைக் கொண்டு பெர்ண்ட் ஹெல்லர் அதை மீண்டும் அமைத்தார்.

பேசாப்படங்களை உரிய வேகத்தில் திரையிடுவதும் முக்கியமானது. அவை கையால் சுழற்றப்பட்ட கருவிகளால், பேசும்படங்களுக்குரிய நொடிக்கு 24 சட்டகங்களை விடப் பொதுவாகக் குறைந்த வேகத்தில் எடுக்கப்பட்டன. அவற்றை 24 சட்டக வேகத்தில் ஓட்டினால் மாந்தர்கள் துள்ளி ஓடுவதுபோல் தோன்றி அச்சம் நகைப்பாகிவிடும். இன்றும் உலகின் பல நகரங்களில் நோஸ்ஃபெராட்டு நேரடி இசையுடன் பழைய முறையில் திரையிடப்படுகிறது. அக்டோபர் மாத இறுதியில் வரும் ஹாலோவீன் நாளையொட்டி, தேவாலயங்களிலும் பழைய திரையரங்குகளிலும் ஆர்கன் இசையுடன் இப்படத்தைக் காண இரசிகர்கள் கூடுகின்றனர்.

தாக்கம்

ஜெர்மானிய இயக்குனர் வெர்னர் ஹெர்சோக் 1979 இல் கிளவுஸ் கின்ஸ்கியைக் கொண்டு நோஸ்ஃபெராட்டுவை மீண்டும் எடுத்தார். 2000 இல் வெளியான 'காட்டேரியின் நிழல்' படம், நோஸ்ஃபெராட்டு படப்பிடிப்பைக் கற்பனையாகச் சித்தரித்தது. அதில் முர்னாவாக ஜான் மால்கோவிச்சும் ஷ்ரெக்காக வில்லெம் டஃபோவும் நடித்தனர். ராபர்ட் எகர்ஸ் இயக்கிய மற்றொரு வடிவம் 2024 இல் 35 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டு வெளிவந்தது. சைட் அண்ட் சவுண்ட் இதழ் 2012 இல் திறனாய்வாளர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் சூரிய உதயம் ஐந்தாம் இடம் பெற்றது.

சட்டத்தின்படி அழிந்திருக்க வேண்டிய நோஸ்ஃபெராட்டு இன்று முழுமையாகக் காணக் கிடைக்கிறது. எந்தத் தடையும் இல்லாதிருந்த நீல உடைச் சிறுவன், யானுஸ் தலை, 4 பேய்கள் ஆகியவை கவனிப்பாரின்றி மறைந்தன. திரைப்படங்களைக் காப்பகங்களில் பேணுவதன் தேவைக்கு முர்னாவின் படங்கள் தக்க எடுத்துக்காட்டாகும்.

முக்கியமான திரைப்படங்கள்

- 1919 – நீல உடைச் சிறுவன் (தொலைந்தது)
- 1920 – யானுஸ் தலை (தொலைந்தது)
- 1920 – இரவுக்குள் ஒரு பயணம்
- 1922 – நோஸ்ஃபெராட்டு
- 1924 – கடைசி மனிதன்
- 1925 – தார்த்தூஃப்
- 1926 – ஃபௌஸ்ட்
- 1927 – சூரிய உதயம்
- 1928 – 4 பேய்கள் (தொலைந்தது)
- 1930 – நகரப் பெண்
- 1931 – தாபு